கணினியின் வாயிற்காவல்

வீடு கட்டுவோர் முதலிற் சுவரை எண்ணுவர். அடுத்துக் கதவை எண்ணுவர். கதவு அமைந்தபின் எழும் வினா, அதன் திறப்பு யார் கையில் இருக்க வேண்டும் என்பதாகும். இவ்வினாவுக்குத் தக்க விடை காணாத வீட்டிற்கு எத்துணை உறுதியான கதவு இருந்தும் பயனில்லை. இன்று மக்களின் உடைமைகளுட் பல வீட்டு அலுமாரியில் இல்லை, கணினியில் இருக்கின்றன. வங்கிக் கணக்கு, வைத்தியசாலைக் குறிப்பு, பரீட்சைப் பெறுபேறு, பல்கலைக்கழக அனுமதிக்கான விண்ணப்பம், கடல் கடந்து உழைக்கும் மகன் வீட்டுக்கு அனுப்பும் பணம் ஆகிய யாவும் கணினியின் கதவுக்குப் பின்னால் உள்ளன. அக்கதவின் திறப்புகளை யார் வைத்திருப்பது, யார் சரிபார்ப்பது, உரியவர் நீங்கியபின் யார் திரும்பப் பெறுவது என்பனவே இப்பேச்சின் பொருளாகும்.

மருதமுனையிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் எனத் தொடர்ந்து அக்கரைப்பற்று வரை நீளும் அம்பாறைக் கரையோர ஊர்களில் இப்பொருளைப் பற்றிப் பேசுவது வீணன்று. நெசவும் நெல்லும் மீனும் வாணிபமும் வாழ்வளிக்கும் இவ்வூர்களிலே கடையின் கணக்கும் அலுவலகத்தின் கோப்பும் பாடசாலையின் இடாப்பும் ஒவ்வொன்றாகக் கணினிக்கு இடம்பெயர்ந்து வருகின்றன. ஆயினும் கடவுச்சொல்லை ஒரு தொல்லையாகக் கருதும் மனப்பான்மை இன்னும் நீங்கவில்லை. மேசைக் கண்ணாடியின் அடியிலே கடவுச்சொல் எழுதிய துண்டுத்தாள் கிடப்பதும், ஒரே சொல்லைப் பல உத்தியோகத்தர் பகிர்ந்துகொள்வதும் எங்கும் காணக்கூடிய காட்சிகளே. இதனால் விளையும் கேட்டை உணர, முதலில் கணினியின் வாயிலில் நிகழ்வது யாது என்பதை அறிதல் வேண்டும்.

வாயிலில் நிகழ்வன மூன்று. ஒருவர் தம்மை இன்னார் எனக் கூறுவது அடையாளம். அக்கூற்று மெய்யென நிறுவ அவர் காட்டுவது சான்று. நிறுவியபின் அவர் எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என வரையறுப்பது அனுமதி. கணினியிலே பயனர்பெயர் அடையாளமாகும். கடவுச்சொல், கைத்தொலைபேசிக்கு வரும் ஒருமுறை இலக்கம், விரல் ரேகை முதலியன சான்றுகளாகும். கோப்பைப் படிக்கலாம், ஆனால் மாற்றலாகாது என்பது போன்ற விதிகள் அனுமதியைச் சாரும்.

அடையாளமும் சான்றும் ஒன்றல்ல என்பதை இக்கரையோர மக்கள் பெருந்துயரின் வழியே அறிந்துள்ளனர். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் எழுந்த சுனாமிப் பேரலை, இலங்கையின் மாவட்டங்களுள் அம்பாறையிலேயே மிகுதியான உயிர்களைக் கவர்ந்தது. தப்பிப் பிழைத்தோருட் பலர் உடுத்த உடையன்றி வேறொன்றும் இல்லாதவராயினர். அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் வங்கிப் புத்தகத்தையும் கடல் கொண்டது. ஆள் இருந்தார், அவர் இன்னார் எனக் காட்டும் தாள் இல்லை. ஆயினும் கொழும்பில் ஆட்பதிவுத் திணைக்களத்திலிருந்த பதிவு அட்டையோடு சேர்ந்து அழியவில்லை. ஆதலின் கிராம உத்தியோகத்தர் உறுதி கூற, பதிவோடு ஒப்பிட்டு, மறு அட்டை வழங்க வழியிருந்தது. சான்று தொலையக்கூடியது, தொலைந்தால் பழையதை நீக்கிப் புதியதை வழங்கத்தக்கது. அடையாளமோ நிலைத்திருப்பது. சான்றுகளைப் பராமரிக்கும் கலை முழுவதும் இவ்வேறுபாட்டின்மேல் நிற்பதேயாம்.

இவ்வேறுபாட்டை மறந்து, தேசிய அடையாள அட்டை இலக்கத்தையே கடவுச்சொல்லாக வைப்போர் உளர். 2016ஆம் ஆண்டு முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க எண்ணாயினும், அதற்கு முந்திய ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட எண்ணாயினும், அதன் தொடக்கத்திற் பிறந்த ஆண்டு அடங்கியுள்ளது. அடுத்து வரும் மூன்று இலக்கங்கள் அவ்வாண்டின் எத்தனையாம் நாளில் ஒருவர் பிறந்தார் என்பதைக் குறிக்கின்றன. பெண்களாயின் அந்நாளின் எண்ணோடு 500 கூட்டப்பட்டிருக்கும். ஆகவே பிறந்தநாளை அறிந்த அயலவர் இவ்வெண்ணின் பெரும்பகுதியைத் தாமே கணித்துவிடலாம். அன்றியும் இது வங்கியிலும் பிரதேச செயலகத்திலும் பலமுறை எழுதிக் கொடுக்கப்படும் எண்; பிறர் அறிந்துவிட்டால் மாற்ற முடியாத எண். பலர் அறிந்ததும் மாற்ற இயலாததுமான ஒன்று அடையாளமாகலாம், சான்றாகாது.

கடவுச்சொல் கணினிக்கு வந்த வரலாறு சுவையானது. அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்திலே, பேராசிரியர் பெர்னாண்டோ கோர்பட்டோ என்பாரின் தலைமையில் 1961ஆம் ஆண்டு ஒரு கணினி அமைப்பு இயங்கிக் காட்டப்பட்டது. ஒரே கணினியைப் பலர் ஒரே வேளையிற் பயன்படுத்த அது வழி செய்தது. பலர் பயன்படுத்தும் பொருளாதலின், ஒருவர் கோப்பை மற்றவர் பாராதிருக்கக் கடவுச்சொல் தேவையாயிற்று. மறு ஆண்டிலேயே அக்காவல் மீறப்பட்டது. அலன் ஷேர் என்னும் ஆய்வு மாணவருக்கு வாரத்திற்குச் சில மணி நேரமே கணினியிற் பணியாற்ற உரிமையிருந்தது. அது போதாமையால், கடவுச்சொற்கள் யாவும் அடங்கிய கோப்பை அச்சிட்டுத் தருமாறு துளையட்டை வாயிலாக அவர் கணினிக்குப் பணித்தார். கணினியும் தயங்காது அச்சிட்டுக் கொடுத்தது. பின்னர் 1966ஆம் ஆண்டு, இரு கோப்புகள் இடம் மாறிப்போனமையால், வாயிலில் நுழைவோர்க்கு அன்றாடம் காட்டப்படும் அறிவித்தலுக்குப் பதிலாகக் கடவுச்சொற் பட்டியலே எல்லோர் முன்னும் தோன்றியது. பூட்டு வலிதாயிருந்தும், திறப்புகளை எல்லாம் ஒரே பெட்டியில் அப்படியே குவித்து வைத்தமையே இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் காரணமாயிற்று.

இதற்கு மாற்று யாது? கடவுச்சொல்லை உள்ளபடியே எழுதி வையாது, உருமாற்றி வைத்தலே மாற்று. நெல்லைக் குற்றி அரிசியாக்கி மாவாக்கலாம். மாவை மீண்டும் நெல்லாக்கல் எவராலும் இயலாது. அதுபோன்று ஒரு சொல்லைக் கணித முறையால் ஒருவழியே உருமாற்றி, அவ்வுருவை மட்டும் கணினி சேமித்து வைக்கின்றது. பயனர் மறுமுறை வந்து சொல்லைக் கூறும்போது அதனையும் அவ்வாறே அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா எனப் பார்க்கின்றது. றொபேட் மொறிஸ், கென் தொம்சன் என்னும் இரு அறிஞர் 1979ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையொன்றில், யுனிக்ஸ் என்னும் கணினி இயக்க முறையில் இது எவ்வாறு அமைந்தது என்பதை விளக்கினர். அதில் உப்பு என்றே பெயரிட்ட ஓர் ஏற்பாடும் உண்டு. அரைப்பதற்கு முன் ஒவ்வொரு சொல்லோடும் வெவ்வேறு சிறு எண்ணொன்றைக் கலப்பதே அது. அக்காலத்தில் 4096 வகை உப்புகள் இருந்தன. இருவர் தற்செயலாக ஒரே சொல்லை வைத்திருப்பினும் உப்பு வேறாயின் மாவும் வேறாகும். ஆதலின் ஒருவர் சொல்லைக் கண்டுபிடித்த திருடன் அதனைக்கொண்டு மற்றவரை அறிய இயலாது.

அதே கட்டுரை மனிதரின் சோம்பலையும் எண்ணிக்கையாற் காட்டிற்று. ஆராயப்பட்ட 3,289 கடவுச்சொற்களுள் 2,831 மிக எளிதிற் கண்டுபிடிக்கத்தக்கனவாக இருந்தன. அஃதாவது நூற்றுக்கு 86. சில ஒரே எழுத்தாலானவை. சில இரண்டு மூன்று எழுத்தாலானவை. பல அகராதியிலே உள்ள சொற்கள். அரைக்கும் இயந்திரம் எத்துணை நுண்ணியதாயினும், திருடன் ஊகித்தறியும் சொல்லை அதில் இட்டாற் பயன் யாது? கருவியின் திறமையும் மனிதரின் ஒழுக்கமும் ஒருங்கே வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

இனி, சரிபார்க்கும் பொறுப்பு யாருடையது என்னும் வினாவுக்கு வருவோம். பழைய யுனிக்ஸ் கணினிகளில் வாயில்கள் பல இருந்தன. நேரே அமர்ந்து நுழைவதற்கு ஒரு நிரல். தொலைவிலிருந்து நுழைவதற்கு ஒரு நிரல். கோப்புகளை அனுப்புவதற்கு ஒரு நிரல். ஒரு பயனர் மற்றொருவரின் உரிமையைப் பெறுவதற்கு ஒரு நிரல். நிரல் என்பது கணினிக்கு எழுதப்பட்ட கட்டளைத் தொகுதி. இந்நிரல் ஒவ்வொன்றும் கடவுச்சொற் கோப்பைத் தானே திறந்து தானே சரிபார்த்தது. அக்கோப்போ எல்லோரும் படிக்கத்தக்கதாக இருந்தது. கணினிகளின் வேகம் பெருகவே, உருமாற்றப்பட்ட சொற்களையும் ஊகித்துப் பார்த்தல் எளிதாயிற்று. ஆகவே அவற்றைப் பிறர் காணாத வேறொரு கோப்புக்கு மாற்ற நேர்ந்தது. அதற்கு நிழற் கோப்பு என்று பெயர். மாற்றம் சிறிது, வேலையோ பெரிது. வாயில் ஒவ்வொன்றின் நிரலையும் திறந்து திருத்த வேண்டியதாயிற்று. ஒன்றைத் திருத்த மறந்தாலும் அவ்வாயில் பழுதாகும். ஒரு காரியாலயத்தின் பத்துக் கதவுகளுக்கும் பத்துக் காவலர் இருந்து, ஒவ்வொருவரும் தத்தம் கொப்பியிலே பெயர்ப்பட்டியல் வைத்திருந்தால் நேரக்கூடிய குழப்பமே அங்கு நேர்ந்தது.

இக்குழப்பத்திற்கு விடை 1995ஆம் ஆண்டு கிடைத்தது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்னும் நிறுவனத்தைச் சேர்ந்த விபின் சாமர், றொலண்ட் ஷெமர்ஸ் என்னும் இருவர், அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில் ஒரு திட்டத்தை எழுதி வெளியிட்டனர். ஒலுவிலில் இன்று விளங்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றியதும் அதே மாதத்திலேயாம். அத்திட்டத்தின் பெயர் பிளக்கபிள் ஓதென்டிகேஷன் மொடியூல்ஸ். சுருக்கமாகப் பாம் என்பர். தமிழிலே செருகத்தக்க சான்றறி கூறுகள் என்று கூறலாம். 1996ஆம் ஆண்டில் அது லினக்ஸ் என்னும் இயக்க முறைக்கும் வந்து சேர்ந்தது.

செருகத்தக்க என்பதன் பொருள் எளிதில் விளங்கும். வீட்டுச் சுவரிலே மின்சாரத்திற்கான துளையொன்று உண்டு. அதில் விளக்கைச் செருகலாம், விசிறியைச் செருகலாம், அழுத்திப் பெட்டியையும் செருகலாம். கருவியை மாற்றுவதற்காக எவரும் சுவரை இடிப்பதில்லை. அதுபோன்று, வாயிலை நடத்தும் நிரலிலே ஒரு துளை மட்டும் வைக்கப்படுகின்றது. சரிபார்க்கும் வேலையைச் செய்யும் கூறு வெளியிலிருந்து அதிற் செருகப்படுகின்றது. இன்று கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் கூறு. நாளை விரல் ரேகையைப் பார்க்கும் கூறு. மறுநாள் ஒருமுறை இலக்கத்தைக் கேட்கும் கூறு. வாயில் மாறுவதில்லை.

இக்கரையோர முஸ்லிம் ஊர்களின் பழைய வழக்கமொன்றும் இதனை நன்கு விளக்கும். இங்குள்ள குடும்பங்கள் தாய்வழியாக வரும் குடிகளாக வகுக்கப்பட்டுள்ளன. குடிக்கு ஒரு மரைக்காயர் பள்ளிவாசல் நிருவாகத்தில் இடம்பெறுவது மரபு. ஒரு குடும்பத்தைப் பற்றி அறிய வேண்டியது உண்டாயின், நிருவாகம் வீடு வீடாகச் சென்று விசாரிக்க வேண்டுவதில்லை. அக்குடியின் மரைக்காயரைக் கேட்டால் போதும். மரைக்காயர் மாறலாம், அவர் விசாரித்தறியும் வழியும் மாறலாம். நிருவாகம் கேட்கும் கேள்வியும் எதிர்பார்க்கும் விடையும் அவையே. கணினியிலும் நிரல் கேட்பது ஒரே கேள்விதான்: இவர் இன்னார்தானா? கூறு தரும் விடையும் ஆம் அல்லது இல்லை என்பதே. எவ்வாறு அறிந்தாய் என்று நிரல் வினவுவதில்லை.

இக்கூறுகளின் கடமைகள் நான்காக வகுக்கப்பட்டுள்ளன. முதலாவது, வந்தவர் இன்னார்தானா என உறுதிப்படுத்தல். இரண்டாவது, அவருடைய கணக்கு இன்னும் செல்லுமா, அதன் காலம் முடிந்துவிட்டதா, இந்நேரத்தில் நுழைய அவருக்கு உரிமை உண்டா என ஆராய்தல். மூன்றாவது, அவர் உள்ளே இருக்கும் அமர்வைத் தொடக்கி முடித்து வைத்தல். எப்போது வந்தார், எப்போது சென்றார் எனக் குறித்தலும் இதில் அடங்கும். நான்காவது, சான்றை மாற்றுதல், அஃதாவது புதிய கடவுச்சொல்லை ஏற்றல். முதலிரண்டையும் பிரித்து வைத்ததில் ஆழ்ந்த அறிவு உண்டு. இளைப்பாறிய உத்தியோகத்தர் ஒருவர் தமது கடவுச்சொல்லை மறவாது சரியாகவே கூறக்கூடும். அவர் அவர்தான், ஐயமில்லை. ஆயினும் அவருக்கு இனி அக்கோப்பைத் திறக்கும் உரிமை இல்லை. ஆள் மெய் என்பதும் உரிமை உண்டு என்பதும் வெவ்வேறு வினாக்கள்.

ஒரு வாயிலுக்குக் கூறுகள் பலவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கவும் இயலும். அடுக்கில் ஒவ்வொரு கூறின் சொல்லுக்கும் எவ்வளவு மதிப்பு என்பதை நிருவாகி குறிப்பிடுகின்றார். சில கூறுகள் மறுத்தவுடனே கதவு சாத்தப்படும். சில மறுத்தால் முடிவு மறுப்புத்தான். எனினும் எஞ்சிய கூறுகளும் தத்தம் வினாக்களைக் கேட்டு முடித்த பின்னரே அது வெளியாகும். இது வீண் வேலை போலத் தோன்றலாம். ஆனால் எந்த இடத்திற் பிழைத்தோம் என்பதைத் திருடன் அறியாதிருக்கவே இவ்வேற்பாடு. பெயர் பிழையா, சொல் பிழையா என அவனுக்குச் சொல்லிக் கொடுப்பது பாதித் திறப்பைக் கையில் கொடுப்பதற்கு ஒப்பாகும். வேறு சில கூறுகள் ஆம் என்றால், முன்னர் எக்கூறும் மறுத்திராதவிடத்து அதுவே போதுமானது. மேலும் கேட்க வேண்டியதில்லை. இன்னும் சில, விரும்பினாற் பயன்படுத்தத்தக்க துணைகள்.

உள்ளே விடுவதோடு கூறின் வேலை முடிவதில்லை. உறுதிப்பட்ட பயனருக்கு உள்ளே உலாவுவதற்குரிய சான்றுச் சீட்டுகளை அது வழங்குகின்றது. வேறொரு கணினியிலுள்ள கோப்பைத் திறக்க, ஒரு பொறியில் அச்சிட, மீண்டும் மீண்டும் கடவுச்சொல்லைக் கேளாதிருக்க இச்சீட்டுகள் உதவும். இச்சீட்டுகளைப் பற்றி நான்கு செயல்கள் விதிக்கப்பட்டுள்ளன: வழங்கல், புதுப்பித்தல், மீண்டும் தொடக்கத்திலிருந்து அமைத்தல், அழித்தல். இவற்றுள் அழித்தலே மிகுதியும் மறக்கப்படுவது. பயனர் வெளியேறியபின் சீட்டு உள்ளே கிடந்தால் அடுத்து அமர்பவர் அதனைப் பயன்படுத்துவார். பலர் மாறி மாறி அமரும் பாடசாலைக் கணினி அறையில் இஃது அன்றாட ஆபத்தாகும்.

ஜாவா என்னும் கணினி மொழியிலும் இக்கருத்து பின்பற்றப்பட்டது. அங்கு நுழைவுக் கூறுகள் இரண்டு கட்டங்களாகப் பணி செய்கின்றன. முதற் கட்டத்தில் ஒவ்வொரு கூறும் சரிபார்க்கும்; எவரும் எதையும் வழங்குவதில்லை. ஒட்டுமொத்த முடிவு ஆம் என ஆனபின்னரே இரண்டாம் கட்டத்திற் சான்றுகள் பயனரோடு இணைக்கப்படும். முடிவு மறுப்பாயின் கூறுகள் தாம் தற்காலிகமாக வைத்திருந்தவற்றை அழித்துவிடும். பாம் முறையிலே கடவுச்சொல்லை மாற்றும்போதும் இத்தகைய எச்சரிக்கை உண்டு. மாற்ற இயலுமா என முதலில் எல்லாக் கூறுகளும் கேட்கப்படும். இயலும் எனத் தெரிந்த பின்னரே மாற்றம் செய்யப்படும். ஓரிடத்திற் புதிய சொல்லும் மற்றோரிடத்திற் பழைய சொல்லுமாகப் பயனர் அல்லலுறாதிருக்கச் செய்த ஏற்பாடு இது.

இம்முறையின் பெரும்பயன் சான்றுகள் ஓரிடத்திற் பேணப்படுவதாகும். அலுவலகமொன்றில் ஐந்து கணினிச் சேவைகள் உள்ளன எனக் கொள்வோம். ஊழியர் ஒருவர் கல்முனையிலிருந்து திருகோணமலைக்கு இடமாற்றம் பெறுகின்றார். ஐந்து சேவைகளும் தனித்தனிப் பட்டியல் வைத்திருப்பின் ஐந்திடத்தில் அவர் பெயரை நீக்க வேண்டும். நான்கில் நீக்கி ஒன்றில் மறப்பது இயல்பு. யாவும் ஒரே இடாப்பைக் கேட்கும் கூறின் வழியே இயங்கினால், ஒருமுறை நீக்கினாற் போதும். அவ்வாறன்றி, ஒரே கடவுச்சொல்லைப் பலர் பகிர்ந்துகொண்ட அலுவலகத்தில் ஒருவரை நீக்க வழியே இல்லை. அங்கு ஒரு தவறு நேரின், செய்தவர் யார் எனக் காட்டும் பதிவும் இல்லை. குற்றமற்றவரும் ஐயத்திற்கு ஆளாவார். தனித்தனிச் சான்று என்பது நிருவாகத்தின் வசதிக்காக மட்டும் ஏற்பட்டதன்று. நேர்மையான ஊழியரின் நற்பெயருக்கும் அதுவே காவல்.

ஊர் எல்லையைக் கடந்தும் இக்கருத்து செயற்படுவதைப் பல்கலைக்கழகங்களிற் காணலாம். எடுரோம் என்னும் ஏற்பாடு 2002ஆம் ஆண்டளவில் நெதர்லாந்திற் கருக்கொண்டு உலகெங்கும் பரவியது. இலங்கையிலே பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் எனப்படும் கல்வி ஆய்வு வலையமைப்பு இதனை நடத்துகின்றது. இதிற் சேர்ந்த பல்கலைக்கழகமொன்றின் மாணவர் வேறொரு பல்கலைக்கழகத்திற்குச் சென்று அங்குள்ள கம்பியில்லா இணையத்தை நாடும்போது, சென்ற இடம் அவருடைய கடவுச்சொல்லைச் சரிபார்ப்பதில்லை. அவர் பெயரின் பின்பகுதியிலிருந்து தாய் நிறுவனத்தை அறிந்து, கேள்வியை அங்கு அனுப்புகின்றது. கடவுச்சொல் மறைபொதியாகச் செல்கின்றது. வழியிலுள்ளோர் அதனைக் காண இயலாது. தாய் நிறுவனம் ஆம் என்றால் விருந்து நிறுவனம் கதவைத் திறக்கின்றது. மாணவரின் இரகசியம் வீட்டைவிட்டு வெளியேறாமலே, அவர் உலகம் சுற்ற இயலுகின்றது.

இத்துணை நன்மைகள் இருப்பினும் ஆபத்துகளும் இல்லாமல் இல்லை. செருகப்படும் கூறு பயனரின் இரகசியத்தைக் காதாரக் கேட்கின்றது. ஆதலின் நம்பகமற்ற இடத்திலிருந்து பெற்ற கூறைச் செருகுவது, முன்பின் அறியாதவனிடம் வீட்டின் திறப்புக் கோவையை ஒப்படைப்பதாகும். அன்றியும் அடுக்கின் ஒழுங்கைக் குறிக்கும் கோப்பில் ஒரு வரி பிழைத்தால், ஒன்றில் எவரும் நுழைய இயலாது; அன்றேல் எவரும் நுழையலாம். ஆகவே அனுபவமுள்ள நிருவாகிகள் அக்கோப்பைத் திருத்துமுன் பழைய படியொன்றைப் பேணுவர். திருத்திய பின்னரும் தாம் ஏற்கெனவே நுழைந்துள்ள அமர்வை மூடாது வைத்துக்கொண்டு, வேறொரு வாயிலால் நுழைந்து சோதித்துப் பார்ப்பர். எல்லா வாயிலுக்கும் ஓரிடத்திற் காவல் எனின், அவ்விடம் பழுதானால் எல்லா வாயிலும் பழுதாகும் என்பதை அவர்கள் மறப்பதில்லை.

பொறியியலாளர் செய்ய வேண்டுவன இவை. பயனர் செய்ய வேண்டுவன யாவை? கடைத்தெருவிலுள்ள தொடர்பாடல் நிலையத்திற்குச் செல்லும் மாணவியொருத்தியை எண்ணிப் பார்ப்போம். பல்கலைக்கழக அனுமதிக்கு இணைய வழியே விண்ணப்பிக்க வேண்டும். மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் கடைக்காரரே அமைத்துக் கொடுக்கின்றார். அவருடைய கொப்பியிலேயே அவை எழுதப்படுகின்றன. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆயினும் விண்ணப்பத்தைத் திருத்தவோ விடை வந்ததா எனப் பார்க்கவோ அவரையே நாடவேண்டிய நிலை மாணவிக்கு ஏற்படுகின்றது. கடை மூடப்பட்டால், கொப்பி தொலைந்தால், மின்னஞ்சலில் வந்த அறிவித்தல் எவர் கண்ணிலும் படாது போகலாம். பல ஆண்டு உழைப்பு ஒரு தவணைத் திகதியோடு வீணாகலாம். கடைக்காரரின் உதவியை நாடுவதில் இழிவில்லை. கடவுச்சொல்லை மட்டும் அம்மாணவி தன் கையாலேயே இடவேண்டும். மீட்பதற்கான கைத்தொலைபேசி இலக்கமாகக் கடையின் எண்ணைக் கொடாது தன் வீட்டு எண்ணைக் கொடுக்கவேண்டும். வாப்பாவோ உம்மாவோ அருகிலிருந்து இதனைக் கவனிப்பது நன்று.

நல்ல கடவுச்சொல்லுக்கு இலக்கணம் அதன் நீளமே. தொடர்பற்ற நான்கைந்து சொற்களைக் கோத்து அமைத்த தொடர், குறியீடுகள் நிறைந்த குறுஞ்சொல்லைவிட நினைவுக்கு எளிது, திருடனுக்கு அரிது. மாதந்தோறும் மாற்றுமாறு வற்புறுத்துவது தேவையற்றது என 2017ஆம் ஆண்டு அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி கூறுகின்றது. அவ்வாறு வற்புறுத்தினால் மக்கள் இறுதியில் ஒன்று, இரண்டு எனச் சேர்த்துக்கொண்டே போவர். வெளிப்பட்டது என ஐயம் எழும்போது உடனே மாற்றுவதே முறை. ஓரிடத்துச் சொல்லை மற்றோரிடத்திற் பயன்படுத்தலாகாது. இயலுமிடத்து, கடவுச்சொல்லோடு இரண்டாவது சான்றொன்றையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். ஒருமுறை இலக்கத்தை வங்கி உத்தியோகத்தர் எனக் கூறித் தொலைபேசியிற் கேட்பவருக்கும் சொல்லலாகாது. இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம், அதிகாரமின்றிப் பிறர் கணினியில் நுழைவதைக் குற்றமாக்கியுள்ளது. தம்மை நம்பி ஒப்படைக்கப்பட்ட நுழைவுச் சான்றை அனுமதியின்றி வெளியிடுவதும் அச்சட்டத்தின்படி குற்றமேயாகும்.

கணினியின் வாயிற்காவல் பல தலைமுறை அறிஞரின் உழைப்பால் வளர்ந்தது. இரகசியத்தை உருமாற்றி வைக்க ஒரு தலைமுறை கற்றது. காவலை வாயிலினின்றும் பிரித்து ஓரிடத்தில் அமைக்க மறு தலைமுறை கற்றது. இரகசியத்தை வெளியிடாமலே ஊர்விட்டு ஊர் நம்பிக்கையைக் கொண்டுசெல்ல அடுத்த தலைமுறை கற்றது. பயனரிடம் அவர்கள் விட்டுவைத்த கடமை சிறியது. தமக்கென ஒரு சான்று, தாமே இட்ட சொல், உரிமை நீங்கும்போது அதனை முறைப்படி ஒப்படைத்தல் ஆகிய மூன்றும் ஒவ்வோர் அலுவலகத்திலும் ஒவ்வோர் இல்லத்திலும் பழக்கமாகிவிடின், அக்காவல் தன் பணியைச் செவ்வனே செய்யும்.